மதியத்துக்குள் திரும்பும் காட்டு வழி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிற நலத்தைச் சிந்தாமல் வைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஒரு காலை நான் காட்டுப் பக்கம் நடந்துவிட்டு வருவதில் உன் அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை. நேற்று மாலை உறுதியானது. சொன்னவர் அவரேதான், அவருக்காக வேறு யாரும் பேசவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து 'வா' என்ற ஒரே சொல்லைத் தவிர எதுவும் பேசாத மனிதர் இதை எப்படிச் சொன்னார் என்று கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் பத்துக் கேள்வி கேட்பாய், எனக்கு வரிசை கெட்டுப்போகும்.

நீ இந்த வீட்டை இன்னும் பார்க்கவில்லை, அதனால் அதையும் சொல்ல வேண்டும். உன் அண்ணன் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கட்டும் என்று அவன் பார்த்துக் கொடுத்த ஒன்பதாம் மாடி. நல்ல வீடுதான், குறை சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலி எல்லா அறைக்கும் போகும், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறான். ஆனால் கூடத்து ஜன்னலைத் திறந்தால் எதிர் கட்டடத்துச் சுவர், ஏசி பெட்டிகளின் முதுகு, அவற்றிலிருந்து சொட்டும் தண்ணீர், அவ்வளவுதான். எந்த வீட்டில் என்றைக்குத் துணி துவைக்கிறார்கள் என்று எனக்கு மனப்பாடம். ஏழாம் மாடியில் ஒரு நீலச் சட்டை ஒரு வாரமாகக் கொடியிலேயே கிடக்கிறது, அந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லையோ, இல்லை உள்ளேயே ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். இப்படி யோசிக்கும் அளவுக்கு எனக்கு நேரம் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போக முடியாது. அது ஒரு விசித்திரமான நிலை. அப்பாவுக்கு மருந்து, அப்பாவுக்குச் சாப்பாடு, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, இவற்றுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளி எல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் நீளம்தான். குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறினால் மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக, கட்டடங்களுக்குப் பின்னால், ஒரு பச்சைக் கீற்று தெரியும். குன்றா காடா என்று முதலில் புரியவில்லை. வந்த புதிதில் அதைப் பார்க்கவே சில நாள் இரண்டு தடவை குளித்தேன்.

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலையில் நர்சம்மா வருவார். ஆஸ்பத்திரி வார்டில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஓர் ஏஜென்சி மூலம் வீடுகளுக்குப் போகிறவர். அப்பாவைக் குளிப்பாட்டி, கை கால் பயிற்சி கொடுத்து, மதியச் சாப்பாடு ஊட்டிவிட்டுக் கிளம்புவார். அந்த அரைநாளில் நான் அடுப்படியிலேயே சுற்றுவதைப் பார்த்து அவர்தான் ஒரு நாள், 'நான் இருக்கும்போது நீங்களும் இருந்தா அப்புறம் நான் எதுக்கும்மா, கெளம்புங்க, காத்தாட எங்கயாவது போயிட்டு வாங்க' என்றார். எங்கே போவது. நிருபராகவே தலை நரைத்தவளுக்கு, குடியிருக்கும் ஊர் தெரியவில்லை என்பது ஒரு நோய் மாதிரி. உன் அண்ணன் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். அது காட்டிய வழிகள் எல்லாம் கார் இருப்பவர்களுக்கு. 'எளிது' என்று போட்டிருந்த ஒன்றை எழுதியவருக்கு என் முழங்கால் இல்லை என்று மட்டும் தெரிந்தது. கீழே காலையில் நடக்கும் கூட்டம் கார் நிறுத்தும் இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியே எங்கே நடக்கலாம் என்று கேட்டால், 'எதுக்கு வெளிய, இங்கதான் கேமரா இருக்கே' என்கிறார்கள்.

கடைசியில் வழி லிஃப்டில் கிடைத்தது. நாலாம் மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஒரு நாள் அவர் பேண்ட் முழங்காலிலிருந்து கீழே பூராவும் ஒட்டுப்புல் விதை. சிமெண்டுத் தரையில் நடந்து வருகிறவர் காலில் அது ஒட்டாது. 'டாக்டர், இது எந்தப் பக்கத்துப் புல்லு' என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, 'இதைப் பாத்துட்டு எங்க போனீங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான், என் வீட்டுக்காரி இதோட உள்ள வராதீங்கன்னுதான் சொல்லுவா' என்றார். அவர் சொன்ன வழி இதுதான். பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும். பஸ் திரும்பும் இடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அதைத் தாண்டினால் மின் கோபுரங்களுக்குக் கீழே ஒற்றையடிப் பாதை. அது புதர்க்காட்டுக்குள் இறங்கி, ஓர் ஓடையைத் தொட்டு, மறுபக்கம் ஏறி, ஒரு நாற்றுப் பண்ணை வாசலில் போய் முடியும். திரும்பி வருகிற வழியில் அதே பஸ் அங்கேயும் நிற்கும். வந்த வழியே திரும்ப வேண்டாம். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி நான் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை, அதனால் பஸ் டிரைவரிடமும் கேட்டேன். 'அங்க ஏம்மா போறீங்க, அங்க ஒண்ணுமே இல்லியே' என்றார். ஒண்ணுமே இல்லாத இடம்தான் வேணும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறக்கிவிட்டார்.

பிறகு இன்னும் இரண்டு வழி விசாரித்து வைத்தேன். ஏரியின் பின்கரை ஒன்று, சமதளம், நிழல் உண்டு, ஆனால் காவல்காரர் மதியத்துக்கு முன்பே கேட்டைப் பூட்டிவிடுகிறார். கைவிட்ட கல்குவாரி இன்னொன்று, போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம், அது என் வயதுக்குச் செய்கிற துரோகம். ஆக தண்ணீர்த் தொட்டி வழிதான் எனக்கு. முதல் தடவை போனபோது ஓடைக்குப் பக்கத்தில் இருந்த தட்டைக் கல்லில் உட்கார்ந்து பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்தேன். தோள் உயரத்துக்குப் புதர், இலையைக் கசக்கினால் மருந்துக் கடை வாசனை, வெயில் ஏறும்போது காய்ந்த காய்கள் தானாகவே வெடிக்கும் சத்தம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீ இன்னும் கொஞ்ச காலம் தெரிந்துகொள்ளாமலே இருக்க வேண்டும்.

ஆனால் நிம்மதியாக உட்கார முடியவில்லை, காரணம் அந்த 'வா'. நான் பையை எடுத்துக்கொண்டு கதவருகில் போனதும் அப்பா இடது கையை ஆட்டி, 'வா, வா' என்றார். முதல் தடவை நர்சம்மா என்னைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இரண்டாம் தடவை நானே காதை மூடிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினேன். மூன்றாம் தடவை கீழே வரை போய்விட்டேன், மனசு கேட்கவில்லை, திரும்பி மேலே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'வந்துட்டேன், எங்கயும் போகல' என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிளம்பினதுக்குக் கோபம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் உன் அண்ணன் வந்திருந்தான், விஷயத்தைக் கேட்டுவிட்டு, 'அம்மா, அவர் வாயில மிச்சம் இருக்கறதே ஒரு வார்த்தை, அதையும் உன்னைக் கூப்பிடத்தான் வெச்சிருக்கார், அதைக் கேட்டும் கேக்காத மாதிரி போய் செடி கொடி பாக்கணுமா' என்றான். அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் சொன்னது நியாயமாகப்பட்டது, அதுதான் கஷ்டம். நடைக்கு வாங்கிய காலணியைக் கழுவிக் காயவைத்து, காகிதம் அடைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுவதும் நான் இந்த வீட்டு வாசலைத் தாண்டியது மருந்துக் கடைக்கு மட்டும்தான், அதுவும் எங்கள் கட்டடத்துக்கு அடியிலேயே இருக்கிறது. நீ போனில் நடந்தாயா என்று கேட்டபோதெல்லாம் மழை என்றேன். மழை உண்மை, காரணம் அது இல்லை. சின்னவளே, இதை அண்ணனிடம் சொல்லாதே, ஒரு நாள் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறி அந்தப் பச்சைக் கீற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அப்பா மோதிரத்தால் நாற்காலிக் கையை டக் டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது, நான் இறங்கவில்லை. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் இறங்கிப் போனேன், தலையணை நழுவியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் இறங்காமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னை எனக்கே பிடிக்கவில்லை. அவர் ஒரு நாற்காலிக்குள், நான் அவர் சொல்லுக்குள் என்று இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் உறைத்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். அவரை உன் அப்பாவுக்கு ஆகவே ஆகாது, கேனைத் தரையில் டமாலென்று போடுவார், செருப்போடு உள்ளே வருவார். அன்றைக்கும் டமாலென்று போட்டுவிட்டுத் திரும்பினார். அப்பா கையை ஆட்டி, 'வா' என்றார். நான் கரண்டியோடு அடுப்படியில் நின்றேன். இந்த ஆளையா திரும்ப வரச் சொல்கிறார். கேன்காரரும் நின்று, 'என்ன சார், இன்னொண்ணு வேணுமா' என்று கேட்டார். அப்பா எரிச்சலோடு கையை இன்னும் வேகமாக வாசல் பக்கம் வீசி மறுபடி 'வா' என்றார். கேன்காரர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அன்று மாலை அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டுக் கிளம்பும்போது அதே 'வா'. அண்ணன் உருகிப்போய் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் யோசித்தேன். இந்த மனிதர் யாரையாவது உண்மையில் கூப்பிட வேண்டுமென்றால் மோதிரத்தால் தட்டுகிறார். 'வா' என்று சொல்வது எல்லாமே யாராவது கிளம்பும்போது. நம் வீட்டில் கிளம்புகிறவரிடம் யாராவது 'போ' என்று சொல்லியிருக்கிறோமா. 'போயிட்டு வா' என்றுதானே. முதல் பாதி விழுந்துவிட்டு இரண்டாம் பாதி மட்டும் வாயில் தங்கியிருந்தால்?

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் கேட்டேன். 'பழகின தொடர்ல ஒரு துண்டு மட்டும் நிக்கறது உண்டும்மா, ஆனா இவருக்கு அதுதானான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்' என்றார். நேர்மையான பதில், ஆனால் அச்சுக்கு ஆகாது. நேற்று மாலை நேராக அப்பாவிடமே போனேன். உனக்குத் தெரியும், நாங்கள் ஒரே பத்திரிகையில் இருந்தோம், நான் எழுத அவர் பிழை திருத்த. நிருபர்களை அவர் வாட்டி எடுத்தது பிழைக்காக இல்லை, அரைகுறை மேற்கோளுக்காக. 'அந்த ஆளு சொன்னதைப் பாதியில வெட்டிட்டு வந்து நிக்காதீங்க, முழுசாப் போடுங்க' என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறார். சொல் விட்டுப்போன இடத்தில் சின்னக் கூரை மாதிரி ஒரு குறி போடுவார். அலுவலகத்தில் அதற்குப் பெயரே கூரைதான். 'இன்னிக்கு உன் செய்தியில எத்தனை வீடு கட்டினார்' என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வோம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் நடுவில் பெரிதாக 'வா' என்று எழுதினேன், பென்சிலை அவர் இடது கையில் வைத்து, 'என்னங்க, இது சரியா இருக்கா பாருங்க' என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை, சாட்சிக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

ரொம்ப நேரம் பார்த்தார். அச்சுப்படியைப் பார்க்கும்போது கீழுதட்டை உள்ளே மடிப்பாரே, அந்த மடிப்பு வந்தது, ஒரு பக்கம் மட்டும். பிறகு பென்சிலைக் கொண்டுபோய் 'வா'வுக்கு முன்னால், பின்னால் இல்லை, முன்னால், ஒரு கூரை போட்டார். கோணலான கூரை. அதற்கு மேலே விட்டுப்போன சொல்லை எழுதப் பார்த்தார். ஓர் இரட்டைக் கொம்பு வந்தது, அதோடு கை நின்றுவிட்டது. 'போ'வுக்கு முதலில் அந்தக் கொம்புதான் எழுத வேண்டும். ஆனால் 'சேர்ந்து' என்பதற்கும் அதுதான், 'வேகமா' என்பதற்கும் அதுதான். அதனால் அந்த நேரத்திலும் ஆசைப்பட்டதை வாசித்துக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். 'சேர்ந்து வா'வா என்றேன், அசைவில்லை. 'வேகமா வா'வா என்றேன், அசைவில்லை. 'போயிட்டு வா'வா என்றேன். மோதிரத்தால் நாற்காலியில் ஒரு தட்டு. ஒரே தட்டு, கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது போதும். 'அப்ப அன்னிக்கு நான் திரும்பி வந்ததும் மூஞ்சியத் திருப்பினது, நான் போகலேங்கற கோவத்துலயா' என்று கேட்டேன். இன்னொரு தட்டு. வாழ்நாள் முழுக்க முழு மேற்கோள் கேட்ட மனிதரைப் பாதி மேற்கோளில் வைத்து இத்தனை நாள் நானே என்னைப் பூட்டி வைத்திருக்கிறேன், அவரையும் கூடவே, பொண்டாட்டி தன்னால் வீட்டிலேயே கிடக்கிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி.

இது இதோடு முடிந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உன் அண்ணனிடம் சீட்டைக் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தான். 'அம்மா, இது கோடு, நீ உனக்கு வேண்டியதைப் படிச்சுக்கறே' என்றான். அவன் கெட்டவன் இல்லை, அப்பா தன்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் ஒவ்வொரு ஞாயிறும் அரைமணி நேரம் கூடுதலாக உட்காருகிறான், அது 'போயிட்டு வா'தான் என்று தெரிந்தால் அவனிடமிருந்தும் ஏதோ ஒன்று போய்விடும். அது எனக்குப் புரிகிறது. அதனால் சண்டை போடவில்லை. நீயும் போன் செய்து அவனைக் குடையாதே. பேச்சுப் பயிற்சிக்காரர் ஒரு யோசனை சொன்னார், முதல் பாதியை நாம் சொல்லி நிறுத்தினால் சிலர் மறுபாதியைத் தாங்களே முடித்துவிடுவார்களாம், முடித்தால் கேட்கிற யாருக்கும் சந்தேகம் வராது என்றார். வெள்ளிக்கிழமை ஆபீஸ் போகும் வழியில் வந்து தானே காதால் கேட்கிறேன் என்று உன் அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறான். இதற்கு நடுவில் நர்சம்மா மகளுக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போயிருக்கிறார். நான் போனில் கேட்டபோது, 'கொழந்தைக்கு என்னம்மா தெரியும் உங்க வெள்ளிக்கிழமை, அது பொறக்கறப்பதான் பொறக்கும்' என்றார். மாற்று ஆளுக்கு ஏஜென்சியிடம் சொல்லியிருக்கிறேன். ஆள் இல்லையென்றால் காடும் இல்லை, காலணி மறுபடி கட்டிலுக்கு அடியில்தான்.

நீ லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம், டிக்கெட் போட்டுவிடாதே, லீவைச் சேர்த்து வை, உன்னை நான் தொட்டிக்குப் பின்னால் அந்தக் கல் வரை கூட்டிப்போக வேண்டும், அது அவசரமாக வந்து போகிற காரியம் இல்லை. உன் ஊரும் உனக்குப் புதுசுதான். ஆபீஸ், அறை, ஆபீஸ் என்று இருக்காதே, நீயும் ஓர் அரைநாள் வழியைக் கண்டுபிடி. செயலியில் தேடாதே, சேறு ஒட்டின செருப்போடு யாராவது வந்தால் வெட்கப்படாமல் எங்கே போனீர்கள் என்று கேள். தனியாகப் போனால் போகிற இடத்தைக் கூட வேலை செய்கிற ஒருத்தியிடமாவது சொல்லிவிட்டுப் போ. தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள். கால் மறையும் உயரப் புல்லில் இறங்காதே. பல் வலியை மாத்திரை போட்டு ஒத்திப்போடாதே, அதைப் போன தடவையே சொன்னேன். உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, மனசு எந்த அறைக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்று அப்பாவும் நானும் உன்னை நெஞ்சார வாழ்த்துகிறோம். அப்பாவிடம் இந்த வரியை வாசித்துக் காட்டினேன், ஒரு தட்டுத் தட்டினார்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. மாற்று ஆள் வருவாரா என்பதை ஏஜென்சி வியாழக்கிழமை மாலைக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறது. மற்றது வெள்ளிக்கிழமை காலையில், வாசலில், உன் அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது தெரியும். நான் காலணியைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து 'போயிட்டு' என்று மட்டும் சொல்லி நிறுத்துவேன்.

இப்படிக்கு,
கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் அம்மா